அந்த ஏரிக்கரைப் படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தை மாதம், புதுச்சேரியில் சூரிய அஸ்தமனம் பார்க்க ஓர் இடம் என்று இங்கே எழுதியிருந்தேன். உங்களில் பாதிப் பேர் அந்தப் பதிவு வழியாகத்தான் இந்தப் பக்கம் வந்தீர்கள். அது இப்போது இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டு வந்த மின்னஞ்சல்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதப் பொறுமை இல்லாததால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு முன்கதை. புதுச்சேரி கடற்கரைக்கு அஸ்தமனம் பார்க்க வருகிற கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அங்கே கேமராவோடு நிற்கிறவர்களுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு அந்தப் பக்கம், சூரியன் தன் பாட்டுக்கு இறங்கிவிடும். அவர்களுக்காக நான் கண்டுபிடித்துக் கொடுத்ததுதான் பாகூர் பக்கத்து ஏரிக்கரை. கரை கிழக்கே, தண்ணீர் மேற்கே. கரைமேல் ஏறி நின்றால் சூரியன் முழுசாகத் தண்ணீருக்குள் போவது தெரியும். பதிவின் தலையில் ஒரு படம் போட்டிருந்தேன். செக்கச் சிவந்த தண்ணீர், அதில் முழங்கால் வரை நின்று கூந்தலைப் பிழிகிற ஒரு பெண்ணின் கறுப்பு உருவம். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இதைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் பெருமை வருகிறது, அதற்காக என்மேல் எரிச்சலும் வருகிறது.

போன மாதம் நண்பன் ஒருவன் போனில் ஒரு படம் அனுப்பினான். ஏரிக்குத் திரும்பும் இடத்தில் எட்டுக்கு ஆறு அடியில் ஒரு பிளக்ஸ், 'சன்செட் பாயிண்ட் - டீ, ஸ்நாக்ஸ், பார்க்கிங்' என்று. அதில் என் படம். மூலையில் நான் பொறித்திருந்த வலைப்பதிவின் பெயரை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமையே கிளம்பினேன். சூரியனைப் பார்க்க இல்லை, சண்டை போட.

வில்லியனூரில் பஸ் ஏறியது 3.10. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு வரை பத்து கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து 3.55க்குக் கடலூர் பஸ். கிருமாம்பாக்கம் பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் சனிக்கிழமை நெரிசலில் நாற்பது நிமிடம், டிக்கெட் இருபது. நிற்க இடம் கிடைத்ததே பெரிசு. வழி நெடுக, கடைக்காரனிடம் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

கிருமாம்பாக்கத்தில் இறங்கியதுமே ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், குளிக்கற பொம்பள பாயிண்ட்டா? இருநூறு கொடு, அரை மணி நேரத்துல விட்டுடறேன்."

"என்ன பாயிண்ட்?"

"அதான் சார், பேனர்ல ஒரு பொம்பள குளிச்சிகினு நிக்குமே, அந்த ஏரி. எல்லாரும் அப்பிடித்தான் கேக்கறாங்க."

சிரித்தேன். என் படம் ஓர் ஊருக்கே பெயர் வைத்துவிட்டது என்று நினைத்துச் சிரித்தேன். ஏழு கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கரும்பும் புதிதாக நட்ட கழனியும். ஐந்து மணிக்கு இறங்கினேன்.

கரைமேல் பதினொரு கார். பைக்குகளை எண்ணவில்லை. காருக்கு முப்பது, பைக்குக்குப் பத்து என்று ஒருவர் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். மதகுக்குப் பக்கத்தில், படித்துறைக்கு நேர் மேலே, டீக்கடை. போன தடவை நான் வந்தபோது அங்கே ஒரு வேலமரம்தான் இருந்தது. கரைக்குக் கீழே கழனிப் பக்கம் ஒரு குட்டி யானை மினி லாரியின் நிழலில் எட்டொன்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தொடை வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. நடவு முடிந்து அவர்களும் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு அறிவாளி பாருங்கள்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்குள். டீ பதினைந்து ரூபாய், ருசி சுமார். குடித்து முடித்துவிட்டு ஆரம்பித்தேன்.

"பேனர்ல இருக்கறது என் படம்."

"நெட்ல இருந்துச்சு சார். எடுத்து அடிச்சோம்."

"கேக்க வேணாமா? அடுத்தவன் பொருள கேக்காம எடுத்துக் கடை விளம்பரத்துக்குக் கட்டினா அதுக்குப் பேரு திருட்டு."

குரலை உயர்த்தித்தான் சொன்னேன். கார்க்காரர்கள் இரண்டு பேர் திரும்பினார்கள். கீழே உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவர் எழுந்து கரைமேல் ஏறி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் கஸ்தூரி என்று பிறகு தெரிந்தது.

"நீதான் அந்தப் படம் எடுத்தவனா பா?"

ஆமாம் என்றேன். ரசிகர் ஒருவர் கிடைத்த மாதிரிதான் சொன்னேன்.

"அதுல நிக்கறது நான்தான்."

எனக்கு உடனே வாயில் வந்தது இதுதான்: "முகமே தெரியலயேக்கா."

அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கையிலிருந்து வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. எப்போதோ முறிந்து, கோணலாகக் கூடிய கை. நண்பன் அனுப்பிய பேனர் படத்தைப் போனில் திறந்து பார்த்தேன். கூந்தலைப் பிழிகிற அந்தக் கறுப்பு உருவத்தின் இடது கை அதே மாதிரி வளைந்திருந்தது. இரண்டு வருடமாக அதை ஒரு நளினம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவில் அப்படியே எழுதியும் இருந்தேன்.

"இந்தக் கை எங்க கொம்யூன்ல, இந்தச் சுத்துப்பட்டு ஊர்ல, வேற யாருக்கு இருக்குது, சொல்லு? பஸ்ல ஏறுனா எவனோ என் கையப் பாக்கறான், அப்பறம் போனப் பாக்கறான். பாவாடைய மார்ல கட்டிகினு நிக்கறன் பா நானு. எம் பொண்ணு காலேஜ்ல அவ கூடப் படிக்கறதுங்க அவகிட்டயே காட்டிருக்குதுங்க. ஃபீஸ் கட்டப் போனா, நீ வராதம்மா, நானே கட்டிக்கறேன்றா." அவர் அழவில்லை. கடைக்காரரைக் காட்டினார். "இவர மூணு தபா கேட்டுட்டேன், எறக்குய்யான்னு. படத்துக்காரன் வந்து சொல்லட்டும்னாரு. நீ வந்துட்ட. சொல்லு."

நான் உடனே சொல்லவில்லை. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று மூன்று நாள் யோசித்தேன். அந்த இடத்தில் நின்று, பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டு பேனரை விட்டுவைக்கலாமா, ஒரு பக்கத்தை வெட்டினால் போதுமா என்றெல்லாம் என் புத்தி ஓடியது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கேக்காம எடுத்தா திருட்டுன்ற. கீழருந்து கேட்டுச்சு. என்னய நீ கேட்டியா?"

இல்லை என்றேன். எடுத்த அன்று ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தேன், எடுத்தேன், வெளிச்சம் போவதற்குள் இன்னும் நாலு எடுத்தேன், பஸ்ஸைப் பிடித்தேன்.

கடைக்காரரிடம் இறக்கச் சொன்னேன். "அதப் பாத்துதான் சார் வண்டியே திரும்புது" என்றார். அரை மனசாகக் கத்தியை எடுத்துக் கொடுத்தார். ரோட்டு முனைக்குப் போய், நான் நைலான் கயிறுகளை அறுக்க, கஸ்தூரியக்கா கீழே நின்று பிடித்துக்கொண்டார். கொளுத்திவிடுவார் என்று நினைத்தேன்.

"இன்னாத்துக்கு? கனமான ஷீட்டு. வைக்கோல் மேல போட்டுக்கலாம், படம் கீழ போற மாதிரி" என்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இதாச்சு. போன்ல இருக்குறது?"

அங்கேயே நின்று பதிவை அழித்தேன். சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது, பத்துப் பதினைந்து நிமிடம் பிடித்தது. நிமிர்ந்தபோது மணி 6.15. சூரியன் 6.08க்கு இறங்கியிருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. கரைமேல் கார்கள் அப்படியே நின்றன. பெண்கள் அப்படியே சேற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். பேனர் போனாலும் பாயிண்ட் போகவில்லை. கார்கள் கிளம்பிய பிறகுதான் படித்துறைக்குப் போக முடியும், அதற்குள் இருட்டிவிடும், இருட்டில் பாம்புக்குப் பயந்து பாதிப் பேர் கழுவாமலே வண்டி ஏறிவிடுவார்கள் என்றார் அக்கா. அவருடைய கால்விரல் இடுக்கு முழுக்க சேற்றுப்புண்.

கிளம்பும் முன் தன் போனை நீட்டித் தேடிக் காட்டச் சொன்னார். தேடினேன். வந்தது. என் பதிவிலிருந்து இல்லை, வேறு யார் யாரோ எடுத்துப் போட்டுக்கொண்ட இடங்களிலிருந்து. ஒன்றில் பாட்டு வேறு சேர்த்திருந்தார்கள். என் நம்பரைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் எழுதி எடுக்க வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வழக்கமாகக் கடைசியில் கொடுக்கும் பயணக் குறிப்புகள். கடற்கரைச் சாலையில் அஸ்தமனம் தெரியாது, உதயத்துக்குப் போங்கள், 6.20க்குள் அங்கே இருங்கள், செலவே இல்லை. அஸ்தமனம்தான் வேண்டும் என்றால் உங்கள் மொட்டைமாடியில் மேற்கே பார்த்து நில்லுங்கள். இந்த ஏரிக்கு வராதீர்கள். மீறி வந்தால், நடவு நாட்களில் நாலரைக்குள் கரையை விட்டு இறங்கிவிடுங்கள், படித்துறைப் பக்கம் காரை நிறுத்தாதீர்கள். பெண்கள் குளிக்கிற இடம் அது. வழியில் எந்த ஊரிலும் ஓர் ஆளை எடுக்க வேண்டும் என்று தோன்றினால் முதலில் போய்ப் பேசுங்கள். நான் பேசியிருந்தால் அவர் வேண்டாம் என்றிருப்பார், அந்தப் படம் கிடைத்திருக்காது. அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இதுவரை பதினான்கு பேருக்கு எழுதியிருக்கிறேன். மூன்று பேர் எடுத்துவிட்டார்கள். ஒருவர், படம் உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார். மற்றவர்களிடமிருந்து பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும், வேலை இல்லாத நாள் என்பதால், கஸ்தூரியக்கா கூப்பிடுகிறார். நலம் விசாரிப்பதில்லை, திட்டுவதும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"இன்னும் நிக்கறனா பா?"

இந்த ஞாயிறு பதில் சொல்வதற்கு முன் தேடிப் பார்த்தேன்.

"நிக்கறீங்கக்கா" என்றேன்.