லேபிளில் வராத முகம்

முனியராஜும் நானும் தாயில்பட்டியில் ஒரே தெரு. பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அதன்பின் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். அவன், தன் அம்மா முருகம்மாள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்கே போனான். அப்பா இல்லாத வீடு. தங்கை பானுப்பிரியா படித்துக்கொண்டிருந்தாள்.

அதிகம் பேசமாட்டான், ஓடுவான். விடியுமுன் வெம்பக்கோட்டை சாலையில் செருப்பில்லாமல் ஓடிவிட்டு வந்து, குளித்து, வேலைக்குக் கிளம்புவான். இரண்டாயிரமாவது வருஷம் பக்கத்துக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. எல்லாரும் சாலையை நோக்கி ஓட, அவன் புகைக்குள் ஓடினான். இரண்டு பெண்களைத் தூக்கி வந்தான். ஒருத்தி பிழைத்தாள். மற்றவள் அவன் கையிலேயே அடங்கிப்போனாள். அதற்குப் பிறகு அவனுக்கு அந்த வேலை ஓடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கையை முகர்ந்து பார்ப்பான். எழுந்துபோய் மறுபடி கழுவுவான்.

மறு வருஷம் மதுரையில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஓட்டத்தில் முன்னால் வந்து தேர்வாகிவிட்டான். சேதி தெரிந்ததும் முருகம்மாள் அவனோடு பேச்சை நிறுத்தினாள். கடைசியில் அவளேதான் கேட்டாள்.

"வெடிக்குப் பயந்து பட்டாளத்துக்குப் போறேங்கியே, இது என்னலே நியாயம்?"

"அங்கன எதிரி யாருன்னாவது தெரியும்மா. இங்கன யாரு மேல கோவப்படுறது?"

கிளம்பும் அன்று அவளே ரயிலில் தின்ன வறுத்த கடலையும் சேவும் கட்டிக்கொடுத்தாள்.

பயிற்சி முடிந்து காஷ்மீர் எல்லைக்குப் போனான். அங்கே அவனை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லையாம். 'சிவகாசி' என்றே கூப்பிடுகிறார்களாம். லீவில் வந்தபோது வெட்கத்தோடு சொன்னான். தீபாவளிக்குப் பட்டாசு கொண்டுவரச் சொல்லி எல்லாரும் நச்சரிக்கிறார்கள், ரயிலில் விடமாட்டான் என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்று சிரித்தான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் முன்பு பார்த்ததில்லை. தங்கையை எக்காரணம் கொண்டும் கம்பெனிக்கு அனுப்பக் கூடாது, நர்சுக்குப் படிக்கவைக்க வேண்டும் என்று அம்மாவிடம் உறுதி வாங்கிக்கொண்டு போனான்.

இரண்டாயிரத்து மூன்று ஆகஸ்டில், காட்டுக்குள் ரோந்து போன இடத்தில் துப்பாக்கிச் சண்டை. காலில் குண்டு பட்டு விழுந்த சக வீரன் ஒருவனை இழுத்துவந்து பாறைக்குப் பின்னால் போட்டிருக்கிறான். இன்னொருவனை எடுக்கத் திரும்பிப் போனபோது இவன் மேல் குண்டு பாய்ந்தது. இருபத்திரண்டு வயது.

சீசன் நேரம். ஆனாலும் அவன் உடல் ஊருக்கு வந்த அன்று சுற்றுவட்டாரத்தில் ஒரு கம்பெனியும் திறக்கவில்லை. சுடுகாட்டில் ராணுவத்தார் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். எத்தனையோ வருஷம் வெடிச் சத்தத்தின் நடுவே கண்ணிமைக்காமல் வேலை செய்தவள் முருகம்மாள். அன்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த சீசனுக்கு ஆர்டர் எடுக்கும் சமயம், அவளுடைய முதலாளி நவநீதகிருஷ்ணன் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். புதிதாக ஒரு வெடி தயாரிக்கப் போவதாகவும், அதன் லேபிளில் முனியராஜ் படம் வரவேண்டும் என்றும் சொன்னார். பையன் முகம் நாடு முழுக்கப் போய்ச் சேரட்டும் என்றார். மனதாரத்தான் சொன்னார். எனக்கும் அது பெருமையாகவே பட்டது. ராணுவ உடையில் அவன், பின்னால் பனிமலை. மாதிரியை நானே எடுத்துக்கொண்டு போய் முருகம்மாளிடம் காட்டினேன்.

வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தாள். படத்தில் அவன் கன்னத்தை விரலால் தடவினாள்.

"நல்லாத்தான்லே இருக்கான். ஆனா வேண்டாம். வெடிச்சா எம் மவன் மூஞ்சி துண்டுதுண்டா தெருவுல கெடக்கும். விடிஞ்சா மிதிச்சுக்கிட்டுப் போவாக. அவனப் பொணமா ஒரு தடவ பாத்தது போதும்."

முதலாளியிடம் போய் அப்படியே சொன்னேன். மறுநாள் அவரே தாயில்பட்டிக்கு வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் கார் வந்தது அதுதான் முதல் முறை.

"எனக்கு அது தோணவே இல்லம்மா," என்றார்.

"தப்பா நெனச்சுச் செய்யலீகளே. விடுங்க," என்றாள் முருகம்மாள். காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அந்த லேபிள் அச்சாகவில்லை. மாதிரியிலிருந்த எழுத்தையெல்லாம் வெட்டியெடுத்துவிட்டு முகத்தை மட்டும் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அவளிடம் அவனுடைய கலர்ப் படம் வேறு இருக்கவில்லை.

பானுப்பிரியா நர்சிங் முடித்து இப்போது விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வேலையை விட்டுவிடும்படி அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். முருகம்மாள் கேட்கவில்லை. பென்ஷன் வருகிறது, ஆனால் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, நாலு பேரோடு உட்கார்ந்து திரி சுற்றினால் பொழுது நகர்கிறது என்கிறாள்.

அவன் இறந்த வருஷம் தீபாவளிக்கு எங்கள் தெருவில் யாரும் வெடி போடவில்லை. அடுத்த தீபாவளியன்றும் பிள்ளைகள் கையில் வெடியை வைத்துக்கொண்டு, அவள் வீட்டைப் பார்த்துப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். முருகம்மாள் வெளியே வந்தாள்.

"போடுங்கலே. வருசமெல்லாம் நாங்க எதுக்கு செஞ்சோம்?"

அவர்கள் வெடித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த பணியாரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.