மத்தியானம் இரண்டு மணிப் பரீட்சை

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து படிக்க வராது. மாட்டுக்கொட்டகைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் நடந்துகொண்டே படிப்பேன். நீட் தேர்வுக்கு இரண்டாம் தடவை தயாரான வருடம் அந்தத் தடத்தில் புல் முளைக்கவே இல்லை. "இது படிப்பா, செக்கு சுத்துறதா?" என்று அம்மா கேட்பாள். நான் முறைப்பேன். அந்த வருடம் யாரைப் பார்த்தாலும் முறைப்பேன்.

முறைத்ததற்குக் காரணம் ஒரே ஒரு பேச்சு. முதல் தடவை எழுதி மார்க் வந்ததும் ஊரில் எல்லாரும் அதையே சொன்னார்கள். "இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாம்." பால்காரர் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் நின்ற அக்கா சொன்னாள், பத்தாவதோடு நின்றுபோன என் சித்தப்பாவும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நம்பினேன். மார்க் குறைந்தால் படிப்பு குறைந்தது என்றுதானே அர்த்தம்?

என்னைப் போலவே நம்பியவள் இன்னொருத்தியும் இருந்தாள். இரண்டு தெரு தள்ளி இருந்தவள், ஆறாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பரீட்சையிலும் அவள் எனக்கு நாலைந்து மார்க் முன்னால் நிற்பாள். ஒரு தடவைகூட நான் அவளைத் தாண்டியதில்லை. நீட்டில் மட்டும் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க், ஒரே மாதிரி கேவலம். சேர்ந்தே இரண்டாம் தடவைக்கு இறங்கினோம்.

எங்கள் ஊர் நிலக்கோட்டைக்குப் பக்கம். எங்கள் வீட்டிலும் மல்லிகை, அவள் வீட்டிலும் மல்லிகை. வெயில் மொட்டைத் தொடுவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் மூன்றரைக்கெல்லாம் ஊர் எழுந்துவிடும். எட்டு மணிக்குப் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடும். பதினோரு மணிக்குச் சோறு. பன்னிரண்டரைக்குப் படுத்தால் நாலு மணி வரைக்கும் தெருவில் நாய்கூட எழுந்து நடக்காது. பள்ளிக்கூடத்தில் மத்தியானப் பீரியடில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தலை ஆடும். டீச்சர்களும் பார்த்துப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

அந்த வருடம் பூப்பறிப்பிலிருந்து எனக்கு விலக்கு கிடைத்தது. வீட்டில் மற்றவர்கள் பூக்காட்டுக்குப் போகும்போது நான் உயிரியல் புத்தகத்தோடு நடக்க ஆரம்பிப்பேன். விடிவதற்குள் ஒரு பாடம் முடித்துவிடுவேன். மத்தியானம் எல்லாரோடும் சேர்ந்து நானும் படுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் நானும் பஸ் பிடித்துத் திண்டுக்கல்லுக்குப் போவோம். அங்கே ஒரு மாடியில் கோச்சிங். காலை எட்டரைக்கு மாதிரித் தேர்வு, முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இரண்டு பரோட்டா, வீடு வந்து தூக்கம். அந்த மாதிரித் தேர்வுகளில் எங்கள் இருவருக்கும் நல்ல மார்க் வந்தது. அவளுக்கு வழக்கம்போல நாலைந்து கூடுதல்.

பிறகு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கம்மலைக் கழற்றி, முடியை அவிழ்த்து, தேர்வு அறைக்குள் போய் உட்கார்ந்தேன். பரீட்சை மத்தியானம் இரண்டு மணிக்கு. மேலே மின்விசிறி ஒரே சீராக ஓடியது. இயற்பியலில் ஒரே கேள்வியை நாலு தடவை வாசித்தேன். தெரிந்த கணக்குதான், ஆனால் பாதியில் எண்கள் கைவிட்டுப் போயின. வெளியே வந்ததும் அவள் சொன்னாள், "எனக்கு மண்டையே ஓடலடி." எனக்கும் ஓடவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரு வருடம் முழுக்க நடந்து நடந்து படித்ததற்குப் பதினான்கு மார்க் கூடியிருந்தது. கோச்சிங் சார் "பயம்மா, பயந்துட்டீங்க" என்றார். ஊர், பழையதையே திருப்பிச் சொன்னது. அப்பா மட்டும் வேறு சொன்னார். "போதும்த்தா. திண்டுக்கல்லுல ஏதாவது டிகிரில சேந்துரு." கூட்டாளி அடுத்த மாதமே வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் வீடே குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, தூங்க மாட்டேன் என்று வீம்பாக ஒரு பழைய வினாத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுபதாவது கேள்வியில் திடுக்கென்று விழித்தேன். விடைத்தாளின் குறுக்கே பேனா ஒரு கோணல் கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை அறையில் எனக்கு வந்தது பயம் இல்லை, தூக்கம்.

நிச்சயப்படுத்திக்கொள்ள நாலு வினாத்தாள் எழுதினேன். இரண்டு காலையில், இரண்டு மத்தியானம் இரண்டு மணிக்கு. ஒரே தலை, ஒரே படிப்பு, நேரம் மட்டும் வேறு. காலைத் தாளுக்கும் மத்தியானத் தாளுக்கும் எழுபது மார்க் வித்தியாசம் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு வருடம் மூன்றரைக்கு எழுந்து எழுந்து, இரண்டு மணிக்கு நன்றாகத் தூங்கத்தான் பழகியிருக்கிறேன்.

நாலு தாளையும் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன். இன்னொரு வருடம் வேண்டும், இனிமேல் ஏழு மணிக்குத்தான் எழுவேன், மத்தியானம் படுக்க மாட்டேன் என்றேன்.

"தூங்குறதுக்கு ஒரு வருசம் கேக்குறியா?" என்றார்.

"நம்ம பூவ மத்தியானம் ரெண்டு மணிக்குப் பறிச்சுக் கொண்டுபோனா மார்க்கெட்ல யாரும் எடுப்பாகளாப்பா?"

அப்பா தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். கோணல் கோடு இருந்த தாளும் அதோடு சேர்ந்து வந்திருந்தது. அதைச் செத்த நேரம் பார்த்தார். "இதோட கடைசி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

எங்கள் ஊரில் விடிந்த பிறகும் தூங்குகிற பெண் என்றால் நோயாளி, இல்லாவிட்டால் சோம்பேறி. பூக்கூடையோடு திரும்புகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று, "இன்னுமா எந்திரிக்கல?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. மத்தியானங்களில் நான் வெயிலில் நடந்தேன். கண்ணில் தண்ணீர் அடித்தேன். முதல் மாதம் நின்றபடியே தூங்கினேன். மூன்றாவது மாதம் இரண்டு மணிக்கு மண்டை ஓட ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வருடம் நான் புதிதாகப் படித்தது குறைவு.

மில் வேன் ஏழு மணிக்கு எங்கள் தெரு முனைக்கு வரும். நான் பல் தேய்த்துக்கொண்டு நிற்பேன். அவள் டிபன் பாக்ஸோடு கடந்து போவாள். "இப்பத்தான் எந்திரிக்கிறியா? குடுத்துவச்சவடி நீ" என்பாள். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நமக்குப் படிப்பு குறையவில்லை, தூக்கம்தான் கெடுத்தது, நீயும் எழுது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் நுரை இருக்கிறது என்று தலையை மட்டும் ஆட்டினேன். தினமும் வாயில் நுரை இருந்தது.

அவள் மனசை மாற்றிக்கொண்டாள், ஏன் கலைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் எழுதினால் எனக்கு நாலைந்து மார்க் முன்னால் நிற்பாள். அந்த நாலைந்து மார்க்கில்தான் என் சீட் போகும் என்று பயந்தேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று அவள் வீட்டுத் தெரு வரைக்கும் போனேன். அவள் ஆட்டுக்குத் தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

மூன்றாம் தடவை அந்த அறையில் முழு மூன்று மணி நேரமும் விழித்திருந்தேன். சீட் கிடைத்தது. பால்காரர், "பாத்தியா, படிச்சா வரும்னு சொன்னேன்ல" என்றார். அவரோடு சண்டை போட எனக்கு யோக்கியதை இல்லை.

அவள் மில் விடுமுறை நாளில் பார்க்க வந்தாள். மத்தியானம் இரண்டு மணி தாண்டியிருந்தது. ஒரு முழம் பூவைத் தானே கட்டிக் கொண்டுவந்து என் தலையில் வைத்துவிட்டாள்.

"எனக்கு மண்டை அம்புட்டுத்தான். நீ விடாமப் படிச்ச" என்றாள்.

நான் பழையபடி தலையை மட்டும் ஆட்டினேன். அவள் சுவரில் சாய்ந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். "இந்நேரமானா கண்ணு சொக்குது. மில்லுலயும் இதே தொல்லதான், தினமும் ஏச்சு வாங்குறேன். நீ எப்படிடி முழிச்சிருக்க?"

"பழகிக்கிட்டேன்" என்றேன்.

ஒரு வருடத்துக்கு முன்னால் அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அவள் அதைக் காதில் வாங்காமலே கண்ணை மூடியிருந்தாள்.