கொழுந்தியாளுக்கு இரண்டு முதுகெலும்புகள்

நகத்தளவு பிளாஸ்டர் துண்டை உப்புத்தாளில் தேய்த்து, ஊதிப் பார்த்து, மறுபடி தேய்க்கின்றன அந்தக் கைகள். இருபத்தாறு வருடமாகப் பல் செட் செய்த கைகள். வாயில் சரியாக உட்காராமல் திரும்பி வந்த செட்டுகளை ஓர் இழுப்பறையில் சேர்த்து வைத்து, அவற்றைப் பார்த்துப் பார்த்தே தொழிலில் தேறியவர். இப்போது செய்வது பல் அல்ல, கீழ்முதுகின் எலும்பு.

அவருடைய கொழுந்தியாள் பேருந்து நடத்துநர். முதுகெலும்புகளில் ஒன்று முன்பக்கம் நழுவி, நின்றால் கால்வரை வலி. எலும்புகளை இணைக்க இரண்டு வழி உண்டு, உங்களுக்கு இரண்டுமே பொருந்தும், திங்கட்கிழமை சொல்லுங்கள் என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்தவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“ஊரையே ‘முன்னாடி நகரு, முன்னாடி நகரு’ன்னு விரட்டினேன் மாமா. ஒருத்தரும் கேக்கல. என் எலும்பு மட்டும் கேட்டுக்கிச்சு.”

சிரித்தாள். ஆனால் புரியாமல் கையெழுத்துப் போடப் பயந்தாள்.

அவர் டாக்டரிடம் கேட்டுக் குறித்துவந்து, அவளுக்குக் காட்ட அவள் முதுகெலும்பின் மாதிரியைச் செய்தார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அருமையா இருக்குங்க. ஆனா இந்த முதுகுக்கு ஆபரேஷனே வேண்டாமே. எதுவும் நழுவலையே!”

கோணலைக் கண்டால் பொறுக்காத கை, தன்னை அறியாமலே நேராக்கியிருந்தது.

“என் தங்கச்சியை நீங்களே குணமாக்கிட்டீங்க போல!” என்றாள் மனைவி.

அந்த எலும்பை அறுத்து, முன்னே தள்ளி ஒட்டினார். ஞாயிறன்று வழிக்கு ஒன்றாக இரண்டு மாதிரிகள் தயார்.

“ரெண்டுலயும் நரம்பை அழுத்தறதை எடுத்துடுவாங்க, ஸ்க்ரூவும் கம்பியும் போடுவாங்க” என்று கொழுந்தியாளுக்குக் காட்டினார். “இதுல எலும்பு நழுவின இடத்துலயே நிக்கும். பக்கத்துல வைக்கிற எலும்புத் துண்டு மெல்ல ஒட்டிக்கும். அதுல நடு ஜவ்வை எடுத்துட்டுச் சின்னக் கூண்டு வைப்பாங்க. எலும்பையும் கொஞ்சம் நேராக்குவாங்க. பிடிப்பு அதிகம். ஆனா நரம்பை இழுத்து ஒதுக்கித்தான் உள்ளே போகணும்.”

“வலி எதுல குறையும்?”

“ஏறக்குறைய ஒண்ணுதானாம்.”

மஞ்சள் மெழுகில் செய்த நரம்பை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“கால்தான் மாமா என் பொழப்பு. நரம்பை இழுக்காத வழியே போதும். முதல்ல காட்டினதைக் கொடுங்க, டாக்டர் மேசையில வைக்கிறேன்.”

“அது கோணலாவே இருக்குமேம்மா.”

“இருந்துட்டுப் போகட்டும். உங்க கண்ணுக்குத்தானே உறுத்துது?”

அவர் இன்னொரு முறை தூசியை ஊதி, கோணலை நேராக்காமல் அவள் கையில் கொடுத்தார்.