வாசிப்பவர் நாற்காலி

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மணி சிஸ்டர். தலைமை ஆசிரியையாக இருந்த காலத்திலும் பள்ளி மணியை வேறு யாரையும் தொட விடமாட்டார். ஓய்வு பெற்றதும் அந்த மணி கையை விட்டுப் போயிற்று. பள்ளியை ஒட்டிய கன்னியர் மடத்தின் சாப்பாட்டு மணி மட்டும் மிஞ்சியது. மதியம் அதை அடிப்பார். அடித்துவிட்டு அவரே வந்து உட்காருவார். வேறு யார் வர இருக்கிறார்கள்? கூட இருந்த கன்னியர்களில் சிலர் மாற்றலாகிப் போனார்கள், சிலர் கல்லறைக்குப் போனார்கள். புதிதாகச் சேர ஆளில்லை.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். சாப்பாட்டின்போது பேச்சு கிடையாது. ஒருவர் மட்டும் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்து புனிதர்களின் வரலாறு ஏதாவது வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். தனி ஆள் என்ன செய்வது? மணி சிஸ்டர் லேசில் விடுகிற ஆளா? முதலில் காலி நாற்காலிகளுக்கு ஒரு பக்கம் வாசிப்பார். பிறகு இடம் மாறி உட்கார்ந்து, ஆறிப்போனதைச் சாப்பிடுவார். பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரியும். ஆனால் நிறுத்திவிட்டால், தனியாகிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று பயம்.

ஒருநாள் சமையற்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறினாள். அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் அவள் மகளை வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். கணக்கு ஏறவில்லை. பத்தாம் வகுப்பில் அந்தப் பெண் தோற்றால், வாசலில் மாட்டியிருக்கும் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ பலகையைக் கழற்ற வேண்டும் அல்லவா!

மணி சிஸ்டர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனார்.

“அந்தப் பொண்ணுக்கும் இதுதான் நல்லது சிஸ்டர்,” என்றார் தலைமை ஆசிரியை. “அவளுக்கு ஏத்த இடமாப் பாத்துச் சேந்துக்கட்டும்.”

“நூறு சதவீதம் காட்டுற பள்ளிக்கூடம் இந்தத் தெருவுலேயே நாலு இருக்கும்மா. அப்புறம் நாம எதுக்கு? சுவத்துல அந்தச் சிலுவை எதுக்கு?”

“ரிசல்ட் இல்லன்னா பிள்ளைங்களே வராது. காலி வகுப்புல சிலுவைய மாட்டி யாருக்குக் காட்டுறது?”

மணி சிஸ்டருக்குச் சுருக்கென்றது. காலி நாற்காலிக்கு வாசிக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது?

பதில் அவர் நாக்கு நுனியில்தான் இருந்தது. இந்தத் தலைமை ஆசிரியையும் இதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தவள்தான். கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள். அனுப்பிவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது, மாட்டேன் என்று நின்றவர் மணி சிஸ்டர். ஒரு வார்த்தை போதும், காரியம் நடந்துவிடும். ஆனால் அன்று அவளுக்காக நின்றது, பின்னால் சொல்லிக்காட்டுவதற்காகவா? சொன்னால் செய்தது எல்லாம் பாழ். வார்த்தையை விழுங்கிக்கொண்டு, “வரேம்மா,” என்று எழுந்தார். மடம் வரைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நம் வீம்புக்கு அந்தப் பெண்ணைப் பலி கொடுத்துவிட்டோமோ?

மறுநாள் மணி அடித்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தலைமை ஆசிரியை வந்து நின்றாள்.

“குடுங்க சிஸ்டர். நீங்க உக்காந்து சாப்பிடுங்க.”

புத்தகத்தை வாங்கித் தலைப்பக்கம் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பெண்ணைப் போல ஒரு பக்கம் முழுக்க வாசித்தாள். சாப்பாடு சூடாக இருந்தது. சிஸ்டர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

“நேத்து சொல்லிக்காட்டுவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன்,” என்றாள் புத்தகத்தை மூடி. “சொல்லியிருந்தா, வீம்புக்காவது அவளை அனுப்பியிருப்பேன். ராத்திரி தூக்கமே வரல. அவ இங்கயே படிக்கட்டும். ஆனா அந்தப் பலகை இறங்குச்சுன்னா, என் வேலையும் போயிடும் சிஸ்டர்.”

“போனாப் போகட்டும். இங்க நாற்காலிக்கா பஞ்சம்?”

இருவரும் சிரித்தார்கள். அதற்குள் பள்ளி மணி அடிக்க, அவள் எழுந்து ஓடினாள். மணி சிஸ்டர் தட்டில் மிச்சமிருந்ததை மெல்லச் சாப்பிட்டு முடித்தார். அன்று அவர் இடம் மாறி உட்கார வேண்டியிருக்கவில்லை.