லியனார்ட் வீட்டுத் தவளைப் பெட்டி

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லியனார்ட் தவறணைக் கணக்கப்பிள்ளையாக இருந்தார். தேயிலைக் கன்றுகளை வளர்த்தெடுக்கும் நாற்றுமேடைக்குத்தான் தவறணை என்று பெயர், அங்கே ஆட்களை வேலை வாங்குகிறவர் கணக்கப்பிள்ளை. நீளநீளமான பாத்திகள், மேலே பெரணித் தழை வேய்ந்த பந்தல், அதன் கீழே குனிந்தபடியே இருபது வருசம். கன்று ஒன்று வாடினால் அவருக்குச் சோறு இறங்காது. மகள் மார்கிரட்டை றொசல்லையில் கட்டிக் கொடுத்த அன்றுகூட, கோயிலிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குத் தண்ணீர் தெளிக்கப் போனவர். அவருடைய மனைவி பவுலின் இதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஐம்பத்தெட்டாம் வருசம் பெரியதுரை வேலையை விட்டுச் சீமைக்குப் போனார். அவருடைய துரைசாணி பங்களா முன்கூடத்தில் பெரணி வளர்த்த கண்ணாடிப் பெட்டி ஒன்று அநாதையாக நின்றது. நாலு பக்கமும் கண்ணாடி, தேக்குச் சட்டம், இடுப்புயரம். புதுத்துரைக்கு அது வேண்டாம். செடி விசயம் என்றால் லியனார்ட்தானே என்று பங்களா சமையல்காரர் அவருக்குச் சொல்லியனுப்பினார்.

பெட்டி வீட்டு வாசலில் இறங்கியபோதே பவுலின் அதற்கு ஓர் இடமும் ஒரு வேலையும் வைத்திருந்தாள். மடுமாதா கோயிலுக்குப் போனபோது வாங்கி வந்த சுரூபம் குசினிச் சுவரை ஒட்டிய பலகையில் இருந்தது. அந்தக் குளிரில் அடுப்பு அணையவே அணையாது. மாதாவின் நீலப் போர்வை கரியேறிச் சாம்பலாகிவிட்டது.

"புகை ஏறாம கண்ணாடிக்குள்ள வச்சிடலாங்க. ஆண்டவரே பாத்து அனுப்பிருக்காரு" என்றாள்.

லியனார்டும் தலையாட்டினார். பெட்டிக்குள் மீந்திருந்த பெரணிகளைப் பிடுங்கி நட ஒரு நாள் கேட்டார், அவ்வளவுதான்.

அந்த ஒரு நாளில்தான் மடுவத்தில் அந்தத் தவளை குதித்தது. கொழுந்து நிறுக்கும் இடம் அது. பெண்கள் கூடையைக் கவிழ்க்கும்போது சிலந்தி, வெட்டுக்கிளி, செடித்தவளை எல்லாம் கொழுந்தோடு வந்து விழும். எல்லாரும் தட்டிவிட்டுப் போவார்கள். கொழுந்து பறிக்கிற ராக்காயியின் கூடையிலிருந்து குதித்த கட்டைவிரலளவு தவளை லியனார்டின் சட்டைப் பொத்தானில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்து வந்து பெட்டிக்குள் விட்டார். அது கண்ணாடியில் ஏறி உட்கார்ந்தது. ஆயுள் முழுக்கத் தவளையை மேலிருந்தே பார்த்த மனிதர் முதல் முறையாக அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு சின்னத் தட்டு. வயிற்றுத் தோலில் பொடிப்பொடியாக மணிகள். பொழுது சாய்ந்ததும் தொண்டை குமிழியாக உப்பி, விறகில் நகத்தால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பவுலின் வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

அப்புறம் மாதா காத்திருக்க வேண்டியதாயிற்று.

முதலில் அவருக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. மடுவத்தில் எது கிடைத்தாலும் கொண்டுவந்தார். ஓடைக்கரையிலிருந்து பிடித்த உள்ளங்கையளவு பச்சைத் தவளை ஒன்று, கூட இருந்த சிறுசுகளில் இரண்டை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைத் திரும்ப ஓடையிலேயே விட்டார். ஒரே சாதி, ஒரே அளவு என்று அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

வீட்டைக் கட்டுவதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அடியில் ஓடைக் கூழாங்கல், அதன் மேல் அடுப்புக்கரி, பெட்டிக்கு மூடியாகத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தேயிலைச் சல்லடை. மண் மட்டும் தவறணை மண். அதை விட நல்ல மண் இந்த மலையில் எங்கே இருக்கிறது? கன்று விரல் விரலாக ஏறுகிற மண். ஆனால் தவளைகள் அதில் கால் வைக்க மாட்டோம் என்றன. கண்ணாடியின் உச்சியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன, ஒவ்வொன்றாகச் செத்தன.

மடுவத்தில் இதைச் சொன்னபோது ராக்காயி சிரித்தாள்.

"தவளைக் கணக்கப்புள்ள ஐயா, அந்த மண்ணுல ஒரம் கலந்துருக்கீங்கல்ல?"

"கலக்காம பின்ன?"

"ஒரம் போடுற அன்னைக்கு எங்க கால் வெடிப்புல பட்டா உசிரு போவுது. அதுக்கு ஒடம்பே வெறுந்தோலு. நீங்க உப்புக்கண்டம் போட்டுருக்கீங்க."

பக்கத்தில் நின்ற பெண்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லியனார்டுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் காலி செய்யும்போது வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காட்டோரத்துக்குப் போய் மக்கிய இலை மண்ணும் பாசியும் சுமந்து வந்தார். ஓடைக்கரைப் பெரணி, கல்லில் படரும் பொடி இலைக் கொடி, பாசி பிடித்த ஒரு பட்டுப்போன தேயிலைக் கட்டை. இந்தத் தடவை ராக்காயியும் மற்றவர்களும் வேண்டுமென்றே பொறுக்கிக் கொண்டுவந்தார்கள். அவர் தேர்ந்தெடுத்தார்: கண் தெளிவாக இருக்க வேண்டும், கையில் வைத்தால் துள்ள வேண்டும், இடுப்பெலும்பு தெரியக் கூடாது. சத்தம் போடுவது ஆண் என்று கண்டுகொண்டு, சத்தம் போடாத கொஞ்சம் பெரியவற்றையும் சேர்த்தார்.

சாப்பாட்டுக்குக் கறையான் அரித்த தேயிலைக் கட்டைகளை உடைத்துப் போட்டார். அழுகின வாழைப்பழத்தைப் போத்தலில் வைத்துப் பழ ஈ வளர்த்தார். பழ ஈ போத்தலோடு நிற்கவில்லை, குசினிக்கும் வந்தது.

"மனுசன் சாப்புடுற சோத்துல ஈ விழுதுன்னு வெரட்டுறேன். நீங்க ஈய வளக்குறீங்க" என்றாள் பவுலின்.

"அதுங்க எவ்வளவு சந்தோசமா இருக்குதுங்க, பாரு."

"சந்தோசமா இருந்தா குஞ்சு எங்க? வருசம் ஒண்ணாச்சு. ஒங்க கன்னு ஒண்ணு தளிரே விடாம நின்னா, நல்லாருக்குன்னு தொரைக்கிட்ட சொல்லுவீங்களா?"

அது லியனார்டின் சொந்தக் கணக்கு. தளிர் விடாத கன்று உயிரோடிருக்கும் கன்றல்ல என்று ஆட்களிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த உயிர்த்த ஞாயிறன்று ஒப்பந்தம் முடிவானது. செப்டம்பரில் மாதா பிறந்த நாளுக்குள் ஒரு குஞ்சாவது தெரிய வேண்டும். தெரிந்தால் பெட்டி அவருக்கு. இல்லாவிட்டால் தவளைகள் காட்டுக்கு, பெட்டி மாதாவுக்கு.

அவர் தண்ணீர்த் தட்டை அகலமானதாக மாற்றினார். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றினார். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தலைப்பிரட்டை இருக்கிறதா என்று தட்டுக்குள் தேடினார். ஒன்றும் இல்லை. தவளைகள் தட்டுப்பக்கமே போகவில்லை. சனிக்கிழமைகளில், தவறணைப் பாத்திகளுக்குச் செய்கிற மாதிரியே, கைமுள் என்கிற சின்ன இரும்பு முள்கரண்டியால் பெட்டி மண்ணையும் மெல்லக் கிளறிவிட்டார். மண் இறுகினால் வேர் மூச்சுவிடாது. இது தவறணையில் பைபிள் மாதிரி.

ஜூலை மழையில் பாத்தி வரம்பில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையோடு ஆடித் தூறலைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார். பெட்டிக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலை பவுலினுக்கு வந்தது.

"மண்ண லேசா கிளறி விட்டுரு."

"தண்ணி தெளிப்பேன். கறையான் போடுவேன். மண்ணு நோண்ட மாட்டேன், சொல்லிட்டேன்."

கைக்கட்டை அவிழ்த்தபோது ஆகஸ்டு முடிந்திருந்தது. தட்டில் ஒரு தலைப்பிரட்டையும் இல்லை. லியனார்ட் மிச்சமிருந்த சில நாளுக்காக இழுத்தடிக்கவில்லை. "பெட்டிய எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு, தவளைகளைப் பிடித்து மூடி போட்ட வாளியில் விட்டார். காட்டோரத்துக்குக் கொண்டுபோகக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஆனால் கிளம்பாமல், வாசலில் நின்றார்.

பவுலின் தேங்காய்ச் சிரட்டையால் மண்ணை அள்ளிக் கூடையில் போட ஆரம்பித்தாள். பட்ட கட்டையின் ஓரத்தில் அள்ளும்போது கை நின்றது.

"என்னங்க. இங்க வாங்க."

"என்ன?"

"சவ்வரிசி மாதிரி என்னமோ. மண்ணுக்குள்ள."

சிரட்டையில் மண் ஒட்டிய மணிகள் கிடந்தன. பவுலின் ஒன்றை ஈர விரலால் துடைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். கண்ணாடி மாதிரி அந்த மணிக்குள், கைகால் மடக்கிக்கொண்டு, முழுத் தவளை ஒன்று கிடந்தது. இரண்டு கண்ணும் கறுப்பாகத் தெரிந்தன. கால் அசைந்தது.

"தலப்பெரட்டையே ஆகாம நேரா தவளையா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

லியனார்ட் குனிந்து பார்த்தார். பிறகு பெட்டிக்குள் இருந்த மண்ணைப் பார்த்தார். அவருடைய கை படாத சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக மனதில் ஓடின. அதற்கு முந்தின சனிக்கிழமைகளும்.

"நான்தான் குத்திக் குத்தி..." என்று ஆரம்பித்தார்.

"இப்ப அதப் பேசாதீங்க. முட்டைல காத்துப் படுது" என்று பவுலின் அதட்டினாள். சிரட்டையில் எடுத்ததை எடுத்த இடத்திலேயே குழி செய்து வைத்து, கூடை மண்ணைக் கைப்பிடியாக மேலே தூவினாள். மீன்குழம்புக்குப் புளி கரைக்கிறவள் போல அவ்வளவு கவனம். வாளியைத் திறந்து தவளைகளை அவளே உள்ளே விட்டாள். எழுந்து போய்க் கைமுள்ளை எடுத்துக் குசினியில் அகப்பைகளுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"அது தவறணைச் சாமான்" என்றார் லியனார்ட்.

"காலையில கேட்டு வாங்கிட்டுப் போங்க. சாயந்திரம் கொண்டாந்து குடுங்க."

மாதா பிறந்த நாளன்று சுரூபம் முன்கூடத்துக்கு வந்தது, தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த ஒரு கூட்டுக்குள். கண்ணாடி இல்லை, புகை வராத மூலை. நீலத்தைப் பவுலின் சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து ஓரளவு மீட்டிருந்தாள். செபமாலை சொல்ல வந்தவர்கள் சொல்லி முடித்ததும் பக்கத்துப் பெட்டியைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். பெரணித் தண்டில் மிளகளவு தவளைகள் ஏறிக்கொண்டிருந்தன.

"இதுங்க ஆத்தா எது?" என்று ராக்காயி கேட்டாள்.

"அந்தா, கட்டைக்கிட்ட இருக்கா பாருங்க, மொறச்சிக்கிட்டு. அவதான்" என்றாள் பவுலின். "சத்தமாப் பேசாதீங்க."

எல்லாரும் போன பிறகு லியனார்ட் சல்லடை மூடியை நகர்த்தப் போனார்.

"கையக் காட்டுங்க" என்றாள் பவுலின். காட்டினார். நகக்கண்ணில் தவறணை மண் இருந்தது.

"கழுவிட்டு வாங்க."