வரப்பை விட்டு இறங்காத ஆலோசகன்

எங்கள் குறுவை நெல்லைக் கொன்றது நீங்கள்தான், ஆலோசனைக் கம்பெனிக்காரர்களே.

நீங்கள் நீடாமங்கலம் பக்கம் அனுப்பிய ஆள் ஒல்லியாக, முழுக்கைச் சட்டையில் வருவான். ஷூவைக் கழற்றி வயலில் இறங்கவே மாட்டான். வரப்பில் நின்று போனைப் பார்த்தே மருந்து சொல்வான். அப்படித்தான் எனக்கும் ஒரு களைக்கொல்லி சொன்னான். அது நாற்று நட்ட வயலுக்கு அடிப்பது. என்னுடையது நேரடியாக விதைத்துப் பத்தே நாளான பயிர். நட்டதா விதைத்ததா என்று அவன் கேட்கவில்லை. நான் நம்பி அடித்தேன். மூன்று ஏக்கரும் கருகிப்போனது.

மறுபடி வந்தபோது சட்டையைப் பிடித்து இழுத்துச் சேற்றில் தள்ளினேன். வாயில் குத்தினேன். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

"இப்பப் பாருடா, கிட்டக்கப் பாரு!"

"அடிங்கண்ணே. எனக்கு நெல்லைப் பத்தி ஒண்ணும் தெரியாது. போன மாசம் வரைக்கும் செல்போன் கடையில நின்னேன். போன்ல வர்றதைப் படிக்கச் சொன்னாங்க, படிச்சேன்."

ஓங்கிய கை நின்றுவிட்டது. அவன் சேற்றில் உட்கார்ந்தபடியே ஒரு கருகிய பயிரைப் பிடுங்கிப் பார்த்தான்.

"இது திரும்பத் துளிர்க்காதாண்ணே?"



அவனை அடித்ததற்கு ஊர் முன்னால் நான் பதில் சொல்கிறேன். உங்களில் அவனை அனுப்பியவர் யாரோ, அவரும் எங்கள் கிராம சபைக்கு வந்து எல்லார் முன்னாலும் பதில் சொல்லட்டும்.