பதிவுத் தாளில் ஒரு வெற்றுக் கட்டம்

கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலையில் உள்ள ஒரு கம்பெனியில், லொறி டிரைவர்களின் பயணப் பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை.

இன்று காலை, புதிதாகச் சேர்ந்த செல்வம் அண்ணனின் தாளில் ஓய்வுக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"கொழும்புல சாமான் இறக்குன மூணு மணித்தியாலத்த ஓய்வுன்னு போடுங்கண்ணே. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றேன்.

"மூட்டைய எண்ணிக்கிட்டு நின்னேன் மிஸ், அது எப்படி ஓய்வாகும்? வேணும்னா நீங்களே எழுதிக் கையெழுத்து வைங்க."

பேனாவை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை. தாளை அப்படியே மேனேஜரிடம் கொடுத்தேன்.

அவர் எங்கள் இருவரையும் திட்டினார். ஆனால் ஓய்வெடுக்காதவரை அனுப்பக் கூடாது என்பது கம்பெனி விதி. அண்ணனின் பிற்பகல் மாத்தளைப் பயணத்தை நிறுத்தி, வீட்டுக்கு அனுப்பினார்.

மாலைக்குள் நான்கு பழைய டிரைவர்கள் தங்கள் தாள்களிலும் சாமான் இறக்கிய நேரத்தை ஓய்வுக் கட்டத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி வந்துவிட்டார்கள்.

மேனேஜர் இன்னும் என்னோடு பேசவில்லை. உங்கள் கம்பெனிகளில் ஆள் எடுக்கிறார்களா?